ரீபஸின் எடின்பரோ: எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் நடப்பது

இயன் ரேங்கின் எழுதிய, துப்பறியும் போலீஸ்காரர் ரீபஸ் வரும் நாவல்களைப் படித்துவிட்டு, அவை நடக்கும் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது, போன் மேப்பில் இடங்களைக் குறித்துவைப்பது. ரீபஸ் குடிக்கும் ஆக்ஸ்ஃபர்ட் பார் ஒரு புள்ளி, அவர் வீடு உள்ள ஆர்டன் தெரு ஒரு புள்ளி, அவர் வேலை பார்த்த செயின்ட் லெனார்ட்ஸ் போலீஸ் ஸ்டேஷன் ஒரு புள்ளி. பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், அரை நாள் போதும் போலிருக்கும். போய் இறங்கி நடக்கத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் கணக்கு தப்பிவிடும். காரணம், அந்த ஊரை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மேப்பில் அது தெரியாது.

பழைய நகரம் ஒரு பாறை முதுகின் மேல் நீளவாக்கில் கிடக்கிறது. மேற்கே உச்சியில் கோட்டை, கிழக்கே அடிவாரத்தில் ஹோலிரூட் அரண்மனை, நடுவே ராயல் மைல். முதுகின் இரண்டு பக்கமும் சரிவு. தெற்குச் சரிவின் அடியில் ஓடும் தெரு கௌகேட். சவுத் பிரிட்ஜ், நான்காம் ஜார்ஜ் பிரிட்ஜ் என்ற இரண்டு தெருக்கள் அதன் தலைக்கு மேலே பாலமாகப் போகின்றன. இரு பக்கமும் கட்டடங்கள் ஒட்டி நிற்பதால் மேலே நடப்பவருக்குப் பாலத்தில் நடக்கிறோம் என்பதே உறைக்காது. மேப்பில் கௌகேட்டும் சவுத் பிரிட்ஜும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், நேரில் அங்கே சந்திப்பே கிடையாது. நீலப்புள்ளி வந்து சேர்ந்துவிட்டதாகக் காட்டும்போது, தேடுகிற கதவு சில மாடி கீழே இருக்கும். இறங்க வேண்டுமானால் பக்கத்தில் உள்ள சந்து அல்லது படிக்கட்டு வழியாகப் போக வேண்டும்.

ரேங்கின் கதை சொல்வதும் இந்த அடுக்குகளை வைத்துத்தான். மேல்தெருவில் வக்கீல்களும் வங்கிக்காரர்களும் நடந்துபோக, நகரப் பிணவறை கீழே கௌகேட்டில் இருக்கிறது. ரீபஸ் இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஆகவே அவர் வழியில் போகிறவர்கள் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஏற்றத்துக்கு பஸ், இறக்கத்துக்குக் கால். இரண்டு பகல் ஒதுக்குங்கள். முதல் நாள் தெற்குப் பக்கம், இரண்டாம் நாள் முதுகின் உச்சியிலிருந்து வடக்கே இறங்கி நியூ டவுன், லீத் துறைமுகம்.

போகுமுன் எல்லா நாவல்களையும் படித்து முடிக்க வேண்டியதில்லை. முதல் நாவல் 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' 1987-இல் வந்தது. பிறகு வரிசை இருபதைத் தாண்டிவிட்டது. பயணத்துக்காகப் படிப்பதென்றால் மூன்று போதும்: 'மார்ட்டல் காஸஸ்' (1994), 'தி ஃபால்ஸ்' (2001), 'ஃப்ளெஷ்மார்க்கெட் க்ளோஸ்' (2004). 1997-இல் குற்றப்புதினத்துக்கான கோல்ட் டாகர் விருது வாங்கிய 'பிளாக் அண்ட் ப்ளூ'தான் வரிசையிலேயே சிறந்தது என்று பலர் சொல்வார்கள், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தக் கதையில் ரீபஸ் அபர்தீன், ஷெட்லண்ட் என்று அலைகிறார். எடின்பரோ நடைக்கு அது உதவாது.

முதல் நாளைச் சேம்பர்ஸ் தெருவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில், காலை 10 மணிக்குக் கதவு திறக்கும்போதே தொடங்குங்கள். நுழைவு இலவசம். பெரிய கட்டடம், சுற்றத் தொடங்கினால் பகல் முழுக்கப் போய்விடும். உள்ளே போனதும் தகவல் மேசையில் ஆர்தர்ஸ் சீட் சவப்பெட்டிகள் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று கேட்டு நேரே அங்கே போங்கள். 'தி ஃபால்ஸ்' நாவலின் முடிச்சே அவைதான்.

1836-இல் முயல் பிடிக்கப் போன சிறுவர்கள் ஆர்தர்ஸ் சீட் மலைச்சரிவில் ஒரு சின்னப் பொந்தைக் கண்டார்கள். கற்பலகைகளை விலக்கினால் உள்ளே 17 மரச் சவப்பெட்டிகள். எட்டு எட்டாக இரண்டு அடுக்கு, மூன்றாவது அடுக்கில் ஒன்றே ஒன்று. இன்று எஞ்சியிருப்பவை எட்டு. கண்ணாடிக்கு அருகே குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பெட்டியும் நம் உள்ளங்கைக்குள் அடங்கும், நீளம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூடிகளில் தகரத்தை வெட்டிப் பதித்த அலங்காரம். உள்ளே செதுக்கிய மரப் பொம்மை, அதற்குத் துணியில் தைத்துப் போட்ட உடுப்பு. பொம்மைகளின் கண்கள் திறந்தே இருக்கின்றன. யார், எதற்கு வைத்தார்கள் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை மருத்துவப் பாடத்துக்கு விற்றார்கள். அதற்கு முன் இயற்கையாக இறந்த ஒருவரின் உடலையும் விற்றிருந்தார்கள், ஆக மொத்தம் 17. எண்ணிக்கை பொருந்துவதால் அந்த இறந்தவர்களுக்கான சடங்கு இது என்றொரு ஊகம் உண்டு. ஆனால் பலியானவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பொம்மைகளோ ஆண் உடையில் இருக்கின்றன. நாவலில் ரேங்கின் இந்தப் புதிரின் மேல்தான் தன் புதிரைக் கட்டுகிறார். பெட்டிகளைப் பார்த்த கையோடு, கண்டெடுத்த பொந்தைத் தேடி மலை ஏற வேண்டாம். இதுதான் அது என்று திட்டமாகக் காட்ட ஆளில்லை.

பர்க் கதையில் மேலும் ஆர்வம் இருந்தால் நிக்கல்சன் தெருவில் உள்ள சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். 1829-இல் தூக்கிலிடப்பட்ட பர்க்கின் தோலில் செய்த சிறு கையேட்டு உறை அங்கே இருக்கிறது. இதற்குக் கட்டணம் உண்டு. ஜாடிகளில் உடல் உறுப்புகள் வரிசையாக இருக்கும் இடம், குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துப் போங்கள்.

தேசிய அருங்காட்சியகத்தின் எதிர்ப்பக்கம் ஷெரிஃப் கோர்ட். ரீபஸ் சாட்சி சொல்லப் போகும் கட்டடம் இது. வெளியே நின்று பார்த்துவிட்டு, ஃபாரஸ்ட் ரோடு வழியாக மிடில் மெடோ வாக் என்ற நடைபாதையில் தெற்கே திரும்புங்கள். வலது கையில் கண்ணாடிக் குடியிருப்புகளும் பழைய கல் கோபுரங்களும் கலந்து நிற்கும் இடத்தில்தான் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனை இருந்தது. 2003-இல் அது நகர எல்லைக்கு மாறிப்போனது. அதற்கு முந்தைய நாவல்களில் ரீபஸ் நள்ளிரவில் அடிபட்டவர்களைப் பார்க்க ஓடி வருவது இந்த வளாகத்துக்குத்தான். புதிய மருத்துவமனைக்கு பஸ் ஏறிப் போய்த் தேடாதீர்கள்.

மெடோஸ் புல்வெளியைக் கடந்தால் மார்ச்மான்ட். மாணவர்கள் நிறைந்த பகுதி. விக்டோரியா காலத்து நான்கு மாடிக் கல் கட்டடங்கள் இரண்டு பக்கமும் சுவர்போல நிற்கும். மார்ச்மான்ட் ரோட்டில் ஏறி வாரண்டர் பார்க் ரோட்டில் திரும்பினால் ஆர்டன் தெரு வந்துவிடும். மாணவராக இருந்தபோது ரேங்கின் இங்கேதான் குடியிருந்தார். தன் ஜன்னலுக்கு எதிரே இருந்த வீட்டை ரீபஸுக்குக் கொடுத்துவிட்டார். இங்கே பார்க்க எதுவும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். பலகை இல்லை, கடை இல்லை, உள்ளே போக வழியும் இல்லை. பொதுப் படிக்கட்டின் கதவு பூட்டியிருக்கும், அழைப்பு மணிகளின் அருகே குடியிருப்பவர்களின் பெயர்கள் இருக்கும். மணியை அழுத்துவது, ஜன்னலை நோக்கி கேமரா தூக்குவது, படியில் உட்கார்ந்து படம் எடுப்பது எல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத் தொல்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாலே போதும். கார் நிறுத்த இடமில்லாமல் ரீபஸ் ஏன் திரும்பத் திரும்ப எரிச்சல்படுகிறார் என்பது ஓரங்களில் நெருக்கி நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே விளங்கும்.

அங்கிருந்து கிழக்கே அரை மணி நேர நடையில் செயின்ட் லெனார்ட்ஸ் தெரு. தொடரின் தொடக்க நாவல்களில் ரீபஸ் வேலை பார்த்த கிரேட் லண்டன் ரோடு ஸ்டேஷன் கற்பனை, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பின்னால் உண்மையான இடங்களுக்கு மாற முடிவுசெய்த ரேங்கின், கதையிலேயே அந்த ஸ்டேஷனுக்குத் தீவைத்து ஒழித்துவிட்டார். பிறகு ரீபஸ் வந்து சேர்ந்தது செயின்ட் லெனார்ட்ஸ். அங்கே குற்றப் புலனாய்வுப் பிரிவை மூடிய பிறகு, 'ஃப்ளெஷ்மார்க்கெட் க்ளோஸ்' நாவலில் கேஃபீல்டு ஸ்கொயர். இரண்டும் நிஜமான போலீஸ் ஸ்டேஷன்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் இருந்து பார்ப்பதோடு சரி. கதையில் வரும் லோதியன் அண்ட் பார்டர்ஸ் போலீஸ் என்ற படையும் இப்போது இல்லை, 2013-இல் போலீஸ் ஸ்காட்லாந்தோடு கலந்துவிட்டது.

செயின்ட் லெனார்ட்ஸிலிருந்து சில நிமிடங்களில் ஹோலிரூட் பார்க். கண்ணுக்கு நேரே சாலிஸ்பரி கிராக்ஸ் செங்குத்துப் பாறை. 'டெட் சோல்ஸ்' (1999) நாவலின் சாவு இங்கேதான் நடக்கிறது. பாறையின் அடியை ஒட்டிப் போகும் ராடிகல் ரோடு பாதையை 2018-இல் கற்கள் சரிந்த பிறகு மூடினார்கள். பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் அந்தப் பாதையைத்தான் சொல்லும். தடுப்பு இருந்தால் தாண்டிப் போக வேண்டாம், கல் விழுவது இன்றும் உள்ள ஆபத்து. அடிவாரச் சாலையான குயின்ஸ் டிரைவில் நடந்தாலே பாறையின் முழு உயரமும் தெரியும். ஆர்தர்ஸ் சீட் உச்சி 251 மீட்டர். உயரம் குறைவென்று ரப்பர் செருப்போடு ஏறுகிறவர்கள் உண்டு. மேலே போகப் போகப் பலர் மிதித்து வழவழப்பான பாறை, மழை பெய்தால் வழுக்கும். காற்று உச்சியில் ஆளைத் தள்ளும். குடை பயன்படாது, தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

குயின்ஸ் டிரைவ் வடக்கே இறங்கி முடியும் இடத்தில் ஸ்காட்டிஷ் பார்லிமென்ட். அந்த வளாகத்துக்குள் கேனன்கேட் தெருவைப் பார்த்து நிற்கும் பழைய மாளிகை குவீன்ஸ்பெரி ஹவுஸ். 'செட் இன் டார்க்னஸ்' (2000) நாவலில் கட்டட வேலை நடக்கும்போது அங்கே கணப்படுப்புக்குப் பின்னால் பிணம் கிடைக்கும். பார்லிமென்ட் கட்டடத்துக்குள் இலவசமாகப் போகலாம், விமான நிலையம்போல் பை சோதனை உண்டு. மாளிகையைத் தெருவிலிருந்து பார்த்தால் போதும். முதல் நாள் கால் வலி இங்கே முடியட்டும். ராயல் மைலில் திரும்ப மேலே ஏறாமல் பஸ் பிடியுங்கள்.

இரண்டாம் நாளை ராயல் மைலின் மேல்பகுதியான லான்மார்க்கெட்டில் தொடங்கினால் எல்லாம் இறக்கம். அங்கே ஒரு சந்துக்குள் ரைட்டர்ஸ் மியூசியம், இலவசம். ரேங்கின் தன் முதல் நாவலை ஒரே ஆள் நல்லவனாகவும் கொடியவனாகவும் வாழும் ஸ்டீவன்சனின் ஜெகில்-ஹைட் கதையின் நிழலில் எழுதியவர். அந்தக் கதைக்கே தூண்டுதல் என்று சொல்லப்படும் டீக்கன் பிராடி, பகலில் தச்சர், நகர மன்ற உறுப்பினர், இரவில் திருடர், 1788-இல் தூக்கிலிடப்பட்டவர். பிராடி செய்த அலமாரி ஒன்று ஸ்டீவன்சன் சிறுவனாக இருந்த அறையில் இருந்தது. இப்போது அது இந்த மியூசியத்தில்.

கொஞ்சம் இறங்கினால் நகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் மேரி கிங்ஸ் க்ளோஸ். 'மார்ட்டல் காஸஸ்' தொடங்குவது இந்தப் புதைந்த சந்தில் தொங்கும் பிணத்தோடு. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலே புதுக் கட்டடம் எழுப்பியபோது கீழே இருந்த வீடுகளின் அடிப்பகுதிகளை அப்படியே அஸ்திவாரமாக விட்டுவிட்டார்கள். வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பதிவு இல்லாமல் வார இறுதியில் போனால் பெரும்பாலும் இடம் கிடைக்காது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. தரை மேடுபள்ளம், வாசல்கள் தாழ்வு, படிகள் நிறைய. மூட்டு வலியோ இடம் நெருக்கினால் பதற்றமோ உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. வழிகாட்டிகள் நாடக உடையில் வந்து பேயும் பிளேக்கும் பேசுவார்கள். ரீபஸ் பெயர் வருவது அவர்கள் மனநிலையைப் பொறுத்தது.

ராயல் மைலின் நடுப்பகுதியான ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே பிளந்து இறங்கும் சந்து ஃப்ளெஷ்மார்க்கெட் க்ளோஸ். நாவலில் இங்கே ஒரு மதுக்கடையின் நிலவறை சிமென்ட் தரைக்கு அடியில் எலும்புக்கூடுகள் கிடைக்கும். மேலிருந்து இறங்கி காக்பர்ன் தெருவைக் குறுக்கே கடந்து மார்க்கெட் தெருவில் முடிகிறது. ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் நெஞ்சு அடைக்கும், இறங்கினால் ஐந்து நிமிடம். ஈரமான நாளில் கைப்பிடியை விடாதீர்கள். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இதில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அப்படி வருகிறவர்கள் வேவர்லி நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்துவிட்டு வரலாம்.

கீழே இறங்கி பிரின்சஸ் தெருவைக் கடந்து நியூ டவுனுக்குள் நுழைந்தால், இருபது நிமிடத்தில் யங் ஸ்ட்ரீட். எட்டாம் எண் வாசலில் ஆக்ஸ்ஃபர்ட் பார்.

எதிர்பார்ப்போடு போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாசல் சின்னது, ஜார்ஜ் தெருவின் பகட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஒரு தடவை கடந்துபோய்விடுவது சகஜம். உள்ளே முன்பகுதி நம் ஊர் டீக்கடை அளவுதான், ஏழெட்டுப் பேர் கவுன்டரில் சாய்ந்து நின்றால் நிறைந்துவிடும். சில படிகள் ஏறினால் பக்கத்து அறை, அங்கே மேசைகளும் கணப்படுப்பும். முன்பகுதியில் நிற்பவர்கள் பல ஆண்டுகளாக அங்கேயே நிற்பவர்கள், ரீபஸும் அங்கே நிற்கிறவர்தான். புதிதாகப் போகிறவர் கவுன்டரில் வாங்கிக்கொண்டு பின்அறைக்குப் போனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். கவுன்டரில் சொல்லி, அப்போதே காசு கொடுத்து, தானே எடுத்துப்போக வேண்டும். பியர் அளவான ஒரு பைண்ட் 568 மில்லி. அவ்வளவு வேண்டாமென்றால் பாதி கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குடிக்காதவர்கள் ஐயன்-ப்ரூ கேளுங்கள், ஆரஞ்சு நிறத்தில் வரும் ஸ்காட்லாந்துக் குளிர்பானம், ரீபஸுக்கே காலைத் தலைவலிக்கு மருந்து அதுதான். நாவல்களில் வரும் டியூகர்ஸ் ஐபிஏ என்ற பியரைத் தயாரித்த காலிடோனியன் ஆலை 2022-இல் மூடப்பட்டது, குழாயில் அது இருக்குமென்று எண்ணிப் போகாதீர்கள். கதையில் வரும் சிகரெட் புகையும் இருக்காது, 2006 மார்ச்சிலிருந்து ஸ்காட்லாந்து மதுக்கடைகளில் புகைக்கத் தடை. சாப்பாட்டை வேறு இடத்தில் முடித்துவிட்டுப் போங்கள். வார நாள் பிற்பகல்தான் சரியான நேரம். வெள்ளி மாலை போனால் வாசலைத் தாண்டுவதே பாடு.

படம் எடுப்பதானால் முதலில் கவுன்டரில் கேளுங்கள். சுவரில் உள்ள ரேங்கின் படத்தை எடுப்பது வேறு, குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் முகத்தை எடுப்பது வேறு.

அங்கிருந்து பிரின்சஸ் தெருவுக்குத் திரும்பி டிராம் ஏறினால் பிகார்டி பிளேஸ், அதை ஒட்டி கேஃபீல்டு ஸ்கொயர், பிறகு லீத் வாக் வழியாகத் துறைமுகம். லீத் வழியாக நியூஹேவன் வரை இந்தப் பாதை 2023-இல்தான் திறந்தது. டிராமில் விமான நிலையம் வரை போனால் மட்டும் கட்டணம் பல மடங்கு. மற்ற நிறுத்தங்களுக்கு நகர பஸ் அளவுதான். பஸ்ஸில் கார்டைத் தட்டி ஏறலாம், ஒரு நாளில் எத்தனை தடவை ஏறினாலும் ஒரு வரம்புக்கு மேல் பணம் எடுக்காது. குழுவாகப் போனாலும் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். காசாகக் கொடுத்தால் மீதி தர மாட்டார்கள்.

மேப்பில் தேடி ஏமாற வேண்டாத பெயர்கள் இன்னும் சில: பில்மியூர், கார்-பி, நாக்ஸ்லண்ட் குடியிருப்புகள், வைட்மயர் தடுப்பு முகாம். எல்லாம் கற்பனை. பணக்காரத் தெருக்களுக்கும் மதுக்கடைகளுக்கும் உண்மைப் பெயரைக் கொடுக்கும் ரேங்கின், ஏழைக் குடியிருப்புகளுக்கு மட்டும் பெரும்பாலும் பெயரை மாற்றிவிடுகிறார். அங்கே வாழ்கிறவர்கள் மேல் கொலைப்பழி விழக்கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம், எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

காலம்: ஆகஸ்டில் போகாதீர்கள். கலைவிழாக் கூட்டத்தில் அறை வாடகை எகிறும், ராயல் மைலில் நகரவே முடியாது. 'மார்ட்டல் காஸஸ்' அந்த விழாக் காலத்தில் நடப்பதால் அதை நேரில் பார்த்தே தீருவேன் என்பவர்கள் மட்டும் போகட்டும். பிப்ரவரி, மார்ச்சில் ரக்பி போட்டி உள்ள வார இறுதிகளிலும் இதே கதை. ரீபஸின் இருண்ட ஊர் வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர். டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும், மலைப் பக்கத்தைக் காலையிலேயே முடிக்க வேண்டும். 2026 ஜூலை 24 முதல் தங்கும் அறை வாடகையில் 5 சதவீத நகர வரி சேரும், முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டன் விசா வேண்டும், ஐரோப்பாவின் ஷெங்கன் விசா இங்கே செல்லாது. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் ஈடிஏ என்ற மின்னணு அனுமதியை 2025-இலிருந்து கட்டாயமாக்கிவிட்டார்கள். பாரிஸிலோ டொரொன்டோவிலோ விமானம் ஏறும் இடத்திலேயே கேட்பார்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிப்ஸ் கடைகளில் பல இடங்களில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று வாங்குமுன் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். எடின்பரோ கடைகளில் உப்போடு ஊற்றும் பழுப்பு சாஸ் கிளாஸ்கோவில் கிடைக்காது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆட்டின் உள்ளுறுப்புகளை வைத்துச் செய்யும் ஸ்காட்லாந்து உணவான ஹேகிஸில் சைவ வகையும் பரவலாகக் கிடைக்கிறது, மிளகு தூக்கலாக இருப்பதால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

மூன்றாவது நாள் கையில் மிஞ்சினால் ஃபைஃப் பக்கம் கார்டென்டன் போகலாம். ரேங்கினும் ரீபஸும் வளர்ந்த நிலக்கரிச் சுரங்க ஊர். வேவர்லியிலிருந்து ரயில், 1890-இல் கட்டிய ஃபோர்த் பாலத்தின் மேல் போகும், பயணத்தில் பார்க்க வேண்டியது அதுதான். ஊரில் ரேங்கின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, மற்றபடி சுற்றிப் பார்க்க அதிகம் இல்லை. இறங்கியதுமே திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு.